இரண்டு விரல் வெளியே

மொனாஸ்தீர், துனீசியா
17 பிப்ரவரி 1985

மதிப்பிற்குரிய மாயிதே லாரோக் அவர்களுக்கு,

ஆறு வருடங்களாக உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. இதையும் ஆசைப்பட்டு எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் சௌகரியம்.

வருகிற ஜூலையில் எனக்கு முப்பத்து மூன்று வயது. இந்தக் கோடையோடு டென்னிஸ் ஆட்டத்தை நிறுத்தப் போகிறேன். அதற்கு முன் பாரிஸில் ஒரே ஒரு தடவை ஆட வேண்டும். அந்தச் சிவப்புத் தரையில் கடைசியாக ஒருமுறை நின்றுவிட்டு வந்தால் போதும், ராக்கெட்டுகளை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவேன். ஆனால் தரவரிசையில் இருநூற்றுப் பதினான்காவதாக இருப்பவளுக்கு அங்கே யார் கதவைத் திறப்பார்கள்? மேடம் கஸோவிடம் கேட்டேன். நம் வட்டாரச் சங்கத்தில் இன்னும் அவர் வைத்ததுதான் சட்டம். தொலைபேசியில் சிரித்தார்.

"தனியா வந்தா ஒண்ணும் நடக்காது ஒதீல். நீயும் மாயிதேயும் ஜோடியா வாங்க. இரட்டையர்ல அழைப்பு வாங்கித் தர்றது என் பொறுப்பு. அந்த நேர்மைக்காரியும் இந்தக் கோபக்காரியும் மறுபடி ஒரே பக்கம்! பேப்பர்காரங்க விடுவாங்களா?"

கோபக்காரி நான். அதில் உங்களுக்குச் சந்தேகம் இருக்காது.

நீங்கள் ஆட்டத்தை விட்டு ஐந்து வருடம் ஆகிறது என்று தெரியும். முதல் சுற்றிலேயே தோற்றாலும் எனக்குக் கவலையில்லை. பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். நிற்கும்போது பேச வேண்டிய அவசியமும் இல்லை. ஏப்ரல் இருபதுக்குள் இரண்டு பேரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம்.

இங்கே காலையில் கடல்மூட்டம் தளத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. வலைக்கு அந்தப் பக்கம் ஆளே தெரிவதில்லை. அடிக்கும் சத்தம் முதலில் வரும், பந்து பிறகு வரும். நேற்று அப்படியே ஒன்பது கேம் ஆடினோம். வெகு நாளைக்குப் பிறகு நன்றாக ஆடினேன். வெயில் வந்ததும் எல்லாம் போய்விட்டது. இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம், விடுதியில் தாள் இல்லை.

பதிலை எதிர்பார்க்கும்,
ஒதீல் பெய்ராக்


நெராக்
2 மார்ச் 1985

ஒதீல்,

உன்னை "நீங்கள்" என்று எழுத என் கை ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து ஒரே பையில் வியர்வைத் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் நாம். நீ வேண்டுமானால் அப்படியே எழுது. எனக்கு அது உரியதுதான்.

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் தபால்காரரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் பாவம், கையெழுத்து வாங்க வேண்டிய இன்னொரு தபாலோடு கால் மணி நேரம் நின்றிருக்கிறார்.

பனி விட்டது. நான் வேலை பார்க்கும் கிளப்பில் ஆட்டத் தளங்களைத் திறந்துகொண்டிருக்கிறேன். குளிரில் உப்பிப் போன மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, புதிய செங்கல் பொடியைத் தூவி, உருளையை இழுத்து, தண்ணீர் விட்டு, மறுபடி உருளை. நாலு தளம், நான் ஒருத்தி. காலையில் ஆற்றிலிருந்து புகை மாதிரி எழும்பி வரும் மூட்டத்தில் நான் தண்ணீர்க் குழாயோடு நிற்பேன். குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று எனக்கே தெரியாது. அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னைப் பார்க்க முடியாது. ஒரு நாளில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

பாரிஸுக்கு நான் வரவில்லை, ஒதீல். முழங்கால் போய்விட்டது. படி இறங்கும்போது சத்தம் கேட்கிறது. முஸியூ துபெர்னே மருந்துக் கடையிலிருந்து கொண்டுவந்த எல்லாத் தைலத்தையும் தடவிப் பார்த்தாயிற்று. கிளப்பின் தலைவர் மருந்துக்கடைக்காரராக இருப்பதில் இது ஒன்றுதான் லாபம். அதோடு மே மாதம் இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கும்.

அவரோடு நேற்று ஒரு சண்டை. அந்தப் பித்தளைப் பலகை இருக்கிறதே, 1979இல் எனக்குக் கொடுத்தது, நேர்மைக்கான விருது என்று எழுதியது, அது கிளப் உணவறைச் சுவரில்தான் இருக்கிறது. அதன் மேல் என் மழைக்கோட்டை மாட்டியிருந்தேன்.

"ஏம்மா, நாலு பேர் பாக்குற பலகை மேலயா ஈரக் கோட்ட மாட்டுவாங்க?"

"ஆணி அங்கதானே இருக்கு, தலைவரே."

"இந்தச் சுவத்துல வேற ஆணியே இல்லையா?"

இருக்கிறது. ஏழு ஆணி இருக்கிறது.

கஸோவிடம் வேறு வழி கேட்டுப் பார். உடம்பைப் பார்த்துக்கொள்.

மாயிதே


தாரந்தோ, இத்தாலி
14 மார்ச் 1985

மாயிதே,

சரி, "நீ" என்றே எழுதுகிறேன். திட்டுவதற்கு அதுதான் வசதி.

முழங்கால் என்கிறாய். கூடவே நாலு தளத்துக்கும் உருளை இழுக்கிறேன் என்றும் எழுதுகிறாய். உருளை என்ன, பஞ்சு மூட்டையா? வர இஷ்டமில்லை என்று நேராகச் சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் கொண்டாடும் நேர்மைக்காரிக்கு ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, நான் சொல்கிறேன். 1979, பாரிஸ், பதினொன்றாம் தளம், மூன்றாவது செட். எதிரே அந்த இரண்டு செக்கோஸ்லோவாக்கியப் பெண்கள். அவர்களுக்கு மேட்ச் பாயின்ட். பந்து உன் மூலையில், கடைசிக் கோட்டருகே விழுந்தது. கோட்டு நடுவர் "அவுட்" என்று கத்தினார். அவர்கள் இல்லை என்றார்கள். தடத்தைப் பார்க்க நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். அவருடைய கால் தரையைத் தொடவில்லை, அதற்குள் நீ போய் ஷூவால் தடத்தை அழித்துவிட்டாய். செம்மண்ணில் வளர்ந்தவளுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தடத்தை அழித்தவள் பந்து உள்ளே என்று ஒப்புக்கொண்டவள். அதற்கப்புறம் பார்க்க ஒன்றுமில்லை, பேசவும் ஒன்றுமில்லை. ஆட்டம் முடிந்தது.

நான் "அவுட், அவுட்" என்று கத்தினேன். நடுவர் கை நீட்டினார், நான் கை கொடுக்கவில்லை. மறுநாள் பேப்பரில் நீ தலை குனிந்து நிற்கிறாய், நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். உனக்குப் பலகை கிடைத்தது. எனக்கு அந்தப் படம் கிடைத்தது. இன்றைக்கும் உடை மாற்றும் அறையில் புதிதாக வந்த பெண்கள், "அது இவங்கதானே?" என்று கிசுகிசுக்கிறார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் வேறொன்று நடந்தது, அதை யாருக்கும் சொன்னதில்லை. நான் அந்தப் பந்தை வெளியே பார்த்தேன். ஊர் முழுக்க உள்ளே என்றது. நீயே உள்ளே என்றாய். நீ பக்கத்தில் நின்றவள், பொய் சொல்லாதவள். அப்படியென்றால் என் கண்தான் பொய் சொல்லியிருக்கிறது. அன்றையிலிருந்து கோட்டருகே எந்தப் பந்து வந்தாலும் என் கண் ஒன்று சொல்லும், "அன்னைக்கும் இப்படித்தானே சொன்ன?" என்று நான் அதைக் கேட்பேன். வெளியே போகிற பந்தை அடித்துத் தொலைப்பேன். உள்ளே விழுகிற பந்தை விட்டுவிடுவேன். அறுபத்தொன்றாம் இடத்திலிருந்து இருநூற்றுப் பதினாலுக்கு இப்படித்தான் வந்தேன். துலூஸில் கண் டாக்டரிடம் போனேன். மூன்று தடவை சோதித்தார்.

"உங்க கண்ணு கழுகுக் கண்ணு மேடம். எதுக்கு வந்தீங்க?"

"அவுட்டா உள்ளயான்னு தெரிய மாட்டேங்குது டாக்டர்."

அவர் எனக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஒரு கனவு திரும்பத் திரும்ப வருகிறது. பந்து மேலே போகிறது. எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறோம். அது கீழே வருவதே இல்லை. வெயில் சாய்கிறது, மக்கள் எழுந்து போகிறார்கள், நடுவர் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார். நீயும் நானும் மட்டும் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கனவில் நமக்குள் சண்டை இல்லை. நீ என் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். விழித்ததும் உன் மேல் இரட்டிப்பாகக் கோபம் வருகிறது.

இருபதாம் தேதியை மறக்காதே. எனக்கு பாரிஸ் வேண்டும். வேறு யாரிடமும் நான் இப்படிக் கெஞ்சியதில்லை.

ஒதீல்


நெராக்
27 மார்ச் 1985

ஒதீல்,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை தொடங்கிவிட்டேன். ஐந்தாவதையும் கிழித்திருப்பேன். உன் டாக்டர் விஷயத்தைப் படித்த பிறகு முடியவில்லை.

உன் கண் பொய் சொல்லவில்லை. அந்தப் பந்து வெளியே.

உட்கார்ந்து படி. அந்த மூலையில் இரண்டு தடங்கள் இருந்தன. முந்தின பாயின்டில் அவர்கள் அடித்த பந்து ஒன்று அதே இடத்தில், கோட்டைத் தொட்டு விழுந்திருந்தது. நான் திரும்பிப் பார்த்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். கோட்டின் மேல் தெளிவாக இருந்தது. உள்ளே என்று நினைத்தேன். மனசாரத்தான் நினைத்தேன். நடுவர் இறங்கி வந்து பார்த்து நமக்கு எதிராகச் சொல்வதைவிட நாமே ஒப்புக்கொள்வது மரியாதை என்று தோன்றியது. ஓடிப் போய் அழித்தேன்.

அழித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் ஒரு அடி தள்ளி இன்னொன்று. புதுத் தடம். முன் விளிம்பில் பொடி ஒதுங்கி இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. கோட்டுக்கு இரண்டு விரல் வெளியே.

அப்போது நீ கத்திக்கொண்டிருந்தாய். அதே நேரத்தில் மக்கள் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார்கள். எனக்காக. இருபத்தாறு வயதுவரை ஒரு கூட்டம் எனக்காக எழுந்து நின்றதில்லை, ஒதீல். கைதட்டல் எல்லாம் உன் சர்வுக்குத்தான், உன் பின்கை அடிக்குத்தான். நான் எப்போதும் உன் பக்கத்தில் நின்றவள். வாயைத் திறந்து "தப்பான தடத்த அழிச்சுட்டேன்" என்று சொல்லியிருந்தாலும் பாயின்ட் திரும்பி வந்திருக்காது, அழித்தால் அழித்ததுதான். ஆனால் உன் பக்கம் நியாயம் என்றாவது தெரிந்திருக்கும். நான் சொல்லவில்லை. வலையை நோக்கி நடக்கும்போது இரண்டாவது தடத்தின் மேல் காலை வைத்தேன். வைத்துத் திருப்பினேன்.

முதல் தடத்தை அழித்தது தவறுதலாக. இரண்டாவதை அழித்தது நான்.

முழங்கால் வலி உண்மை. ஆனால் நான் வராததற்கு அது காரணமில்லை. அந்த மூலையில் நம் இரண்டு பேரையும் நிறுத்திப் படம் எடுப்பார்கள். நான் சிரிக்க வேண்டும். என்னால் முடியாது.

இப்போது முடிவு உன் கையில். நான் எல்லாரிடமும் சொல்லிவிடத் தயார். ஆனால் சொன்னால் கஸோவுக்கு அந்த அழகான கதை கெட்டுப்போகும், அழைப்பு கிடைக்காது. சொல்லாவிட்டால் நீ பாரிஸில் ஆடலாம், நான் பக்கத்தில் நிற்பேன், சிரிக்கவும் சிரிப்பேன். ஆனால் கடைசிவரை நீ அந்தப் படத்தில் இருக்கிற கோபக்காரியாகவே இருப்பாய். நீ எதைச் சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் காலை வைக்க மாட்டேன்.

மாயிதே


கத்தானியா, சிசிலி
4 ஏப்ரல் 1985

மாயிதே,

கடிதம் கிடைத்தது. இப்போது எதுவும் எழுத மாட்டேன். எழுதினால் அசிங்கமாக எழுதிவிடுவேன்.

ஒதீல்


கத்தானியா
14 ஏப்ரல் 1985
(விரைவுத் தபால்)

மாயிதே,

பத்து நாள் உன்னை மனதுக்குள் வைத்துத் திட்டினேன். பேருந்தில் திட்டினேன், குளிக்கும்போது திட்டினேன், விடுதிக்காரி காலை ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தால் அவளைப் பார்த்தே முணுமுணுத்தேன். "யார்கூட சண்டை?" என்று சைகையால் கேட்டாள். "ஆறு வருஷத்தோட" என்று நம் மொழியிலேயே சொன்னேன். புரிந்தது மாதிரி தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் ஜாம் வைத்தாள்.

ஆறு வருடம், மாயிதே. ஒரு விளையாட்டுக்காரிக்கு அது எவ்வளவு என்று உனக்குத் தெரியும். என்னுடைய நல்ல வயது முழுக்க நான் என் கண்ணோடு சண்டை போட்டே கழித்தேன். நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பேப்பருக்கு வேண்டாம், எனக்கு மட்டும், ஒரு தபால் அட்டையில். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு இங்கே ஒன்று நடந்தது. எரிமலை புகைந்துகொண்டிருக்கிறது. வியாழக்கிழமை காற்று இந்தப் பக்கம் திரும்பி, சாம்பல் மழை மாதிரி பெய்தது. சத்தமே இல்லாமல் பெய்தது. சிவப்புத் தளம் அரை மணி நேரத்தில் கறுப்பாகிவிட்டது. பெருக்கிவிட ஆளில்லை, நேரமும் இல்லை, அப்படியே ஆடச் சொன்னார்கள். பந்து விழுந்த இடத்தில் எல்லாம் சாம்பல் விலகி அடியிலிருந்து சிவப்பு தெரிந்தது. தளம் முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்பு வட்டங்கள். யாரும் எதையும் மறைக்க முடியாது. எனக்குக் கனவா நனவா என்று தெரியவில்லை. குடை பிடித்துக்கொண்டு பத்துப் பேர் பார்த்தார்கள்.

இரண்டாவது செட்டில் அவள் ஒரு பந்தை என் மூலைக்கு அடித்தாள். கண், "வெளியே" என்றது. நான் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. ராக்கெட்டைத் தாழ்த்திவிட்டு, திரும்பி, நாற்காலியை நோக்கி நடந்தேன். கோட்டு நடுவர் "அவுட்" என்று கத்துவதற்கு முன்னாலேயே மூன்று எட்டு வைத்திருந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். சாம்பல் கண்ணில் பட்டுவிட்டது என்று எதிராளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், நல்ல பெண். அவளை ஆறுக்கு ஒன்று என்று அடித்தேன். மறுநாள் வேறொருத்தி என்னை ஓட விட்டே தோற்கடித்தாள். கண் திரும்பி வந்துவிட்டது, கால் வரவில்லை.

அதனால் என் முடிவு இது. சொல்லிவிடு. எல்லாரிடமும் சொல்.

பாரிஸ் வேண்டாமா என்று கேட்பாய். வேண்டும். ஆனால் அங்கே போய் உன் பொய்ச் சிரிப்புக்குப் பக்கத்தில் நின்றால், நானும் இரண்டாவது தடத்தை மிதித்தவளாகிவிடுவேன். அதைவிட இந்தக் கறுப்புத் தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உன்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. அது வேறு விஷயம். அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

ஒதீல்


நெராக்
25 ஏப்ரல் 1985

ஒதீல்,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் பருவம் தொடங்கும் விருந்து. அறுபது பேர். வாத்து முடிந்து, பழ அடை வருவதற்கு முன் எழுந்து அந்தப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எல்லாரும் ஏதோ நன்றியுரை என்று நினைத்துக் கைதட்டினார்கள். மறுபடியும் கைதட்டல். "தயவுசெஞ்சு நிறுத்துங்க" என்றேன். பிறகு இரண்டு தடங்களையும் சொன்னேன், உனக்கு எழுதினேனே, அதே மாதிரி. கைதட்டலுக்கு ஆசைப்பட்டதையும் சொன்னேன்.

முஸியூ துபெர்னே தன் கைத்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அப்ப... பலகை?"

"கழட்டிடுங்க, தலைவரே."

"இப்பவேவா?"

"இப்பவே."

அடையை அப்படியே வைத்துவிட்டுத் திருப்புளி தேடப் போனார். நாலு திருகாணியையும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழற்றினார். கடைசித் திருகாணி துருப்பிடித்திருந்தது, பத்து நிமிடம் ஆயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிடம் வேறு இல்லை. இப்போது சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. என் கோட்டை வேறு ஆணியில் மாட்டுகிறேன்.

இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வேலை போகவில்லை. "நீ போயிட்டா உருளைய யாரு இழுப்பா?" என்றார் தலைவர். அதுதான் அவர் மன்னிக்கும் முறை.

கஸோவுக்குப் போன் செய்தேன்.

"உனக்கு வேற நேரமே கெடைக்கலையா? ஜூன் மாசம் முழிச்சுக்கக் கூடாதா உன் மனசாட்சி?"

அழைப்பு வேறு இரண்டு பெண்களுக்குப் போய்விட்டது. இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயது, நன்றாக ஆடுகிறார்களாம். இதைவிட நல்ல விதமாக எப்படி எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. உன் பாரிஸை இரண்டாவது தடவையும் நானே எடுத்துவிட்டேன்.

பேப்பரில் எட்டு வரி போட்டிருக்கிறார்கள், ஒன்பதாம் பக்கத்தில், ரக்பி முடிவுகளுக்கும் வானிலைக்கும் நடுவில். நறுக்கி இதோடு வைத்திருக்கிறேன். "பெய்ராக் சொன்னது சரி" என்று தலைப்பு. அந்தப் படத்தை மறுபடி போடவில்லை.

ஜூன் இரண்டாம் தேதி எங்கள் கிளப் விழா. வரச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். இரண்டாம் தளத்தை யாருக்கும் கொடுக்காமல் வைக்கிறேன்.

மாயிதே


லுகானோ, சுவிட்சர்லாந்து
15 மே 1985

மாயிதே,

அந்த எட்டு வரியை மடித்து ராக்கெட் உறைக்குள் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒருமுறைதான் படிப்பது என்று கட்டுப்பாடு. சில நாள் மீறிவிடுகிறேன்.

செய்தி உன்னைவிட வேகமாக ஓடுகிறது. திங்கட்கிழமை உடை மாற்றும் அறையில் ஒரு டச்சுப் பெண், "உங்க பந்து அவுட்டாமே?" என்றாள், ஏதோ நேற்று நடந்தது மாதிரி. இன்னொன்று. அன்றைக்கு நாற்காலியில் இருந்தாரே அந்த நடுவர், இங்கே வந்திருக்கிறார். முடி எல்லாம் நரைத்துவிட்டது. சாப்பாட்டு வரிசையில் என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். ஆறு வருடம் தாமதமாக நானும் நீட்டினேன். வரிசை நகர்ந்தும் அவர் கையை விடவில்லை. அவர் சூப் ஆறிப்போயிற்று.

முதல் சுற்றில் தோற்றேன். கடைசிப் போட்டி இதுதான் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஏரி ஓரமாக நடந்தேன். தண்ணீரில் மலை தலைகீழாக நின்றது. அசையவே இல்லை. இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஏதோ ஒரு பாயின்ட் பாக்கியிருப்பது மாதிரியே இருக்கிறது.

வருகிறேன். மூன்று நிபந்தனை. ஜோடியாக ஆட மாட்டேன், உன்னோடு ஒரே பக்கத்தில் நிற்க இன்னும் மனது வரவில்லை. எதிர்ப்பக்கம் நில். ஒரே செட். உன் முழங்காலுக்காக நான் மெதுவாக ஆட மாட்டேன், நீயும் எனக்காக எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அன்று மாலை ஐந்தரை ரயிலில் நான் திரும்பிவிடுவேன்.

ஒதீல்


நெராக்
5 ஜூன் 1985

அடியே ஒதீல்,

நீ போய் மூன்று நாள் ஆகிறது. உன் வலது காலுறை ஒன்று இங்கே இருக்கிறது. துவைத்தேன், சிவப்பு போகவில்லை.

நடந்ததை உனக்கே எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது. நாற்பது பேர் பார்த்தார்கள். தலைவர் நடுவர் நாற்காலியில் தொப்பியோடு ஏறி உட்கார்ந்தார். ஆறுக்கு ஐந்து, நாற்பதுக்கு முப்பது, உன் சர்வ். ஒரு பாயின்ட் கிடைத்தால் நீ ஜெயித்துவிடுவாய். வானம் கறுத்து, காற்று அடங்கி, தளம் முழுக்க ஒரு செம்பு நிற வெளிச்சம் பரவியது. நான் திருப்பி அடித்தேன். நீ என் மூலைக்கு, அதே மூலைக்கு, அந்தப் பழைய பின்கை அடியை அடித்தாய்.

தடம் எங்கே என்று நான் பார்க்கக்கூட இல்லை. இது உன் கடைசி ஆட்டம், ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று மனதில் ஓடியது. "உள்ளே!" என்று கத்திவிட்டு அழிப்பதற்காகக் காலைத் தூக்கிவிட்டேன். உனக்குச் சத்தியம் செய்து கொடுத்த அதே கால்.

அந்தப் பக்கத்திலிருந்து, இருபத்து நாலு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு நீ போட்டாயே ஒரு சத்தம்!

"கால எடுடி! அது அவுட்டு! ரெண்டு விரல் அவுட்டு! என் பாயின்ட எனக்கே பிச்ச போடுறியா?"

காலைத் தூக்கியபடியே கீழே பார்த்தேன். ஒற்றைத் தடம், பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. கோட்டுக்கு இரண்டு விரல் வெளியே. நான் மேலே நின்றுகொண்டு பார்க்காததை நீ அங்கிருந்து பார்த்திருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ வலையைத் தாண்டி ஓடி வந்து திட்டிக்கொண்டே என்னைத் தூக்கிவிட்டாய். தூக்கிவிட்ட பிறகும் கையை எடுக்கவில்லை. அதை நீ கவனித்தாயோ இல்லையோ, நான் கவனித்தேன்.

அதற்குள் இடி. அதற்குள் உன் ரயிலுக்கு நேரம். ஸ்டேஷனுக்குப் போன காரின் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அத அழிச்ச, கொன்னுடுவேன்!" என்று நீ கத்திக்கொண்டே போனது பாலம் வரை கேட்டது.

அழிக்கவில்லை. நீ போனதும், மழை விழுவதற்குள் தண்ணீர் வாளியை எடுத்து அதன் மேல் கவிழ்த்து வைத்தேன், மேலே ஒரு செங்கல். மூன்று நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. வாளிக்கு அடியில் ஒரு சாண் மண் காய்ந்தே இருக்கிறது. இன்று காலை மூட்டத்தில் யாரும் இல்லாத நேரத்தில் தூக்கிப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது, முன் விளிம்பில் ஒதுங்கிய பொடிகூட உதிரவில்லை.

உறுப்பினர்கள் சத்தம் போடுகிறார்கள். ஜூன் மாதத்தில் ஒரு தளத்தைப் பூட்டி வைக்கலாமா என்று தலைவரிடம் போனார்கள். அவர் அவர்களிடம், "ஆட்டம் நடந்துட்டிருக்கு, தெரியலையா?" என்று கேட்டாராம். ஸ்கோர் பலகையையும் அவர் மாற்றவில்லை. பாயின்ட் எனக்கு வந்துவிட்டதால் ஆறு–ஐந்து, நாற்பதுக்கு நாற்பது, டியூஸ்.

சீக்கிரம் வா. சர்வ் உன்னுடையது.

மாயிதே